முத்துச்சிப்பிக் குஞ்சும் இரண்டு பிராசஸர்களும்

தூத்துக்குடிக் கடலில் 1955-இல் தொடங்கி ஆண்டுதோறும் நடந்த முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. அதற்குப் பிறகு குளிப்பு நடத்தும் அளவுக்கு, சிப்பி ஒட்டி வளரும் கடலடிப் பாறைத் திட்டுகளான பார்களில் சிப்பி சேரவில்லை. இந்தக் கடலுக்கு இது புதிதும் அல்ல. தோளாயிரம் பார் போன்ற பெயர்பெற்ற பார்களிலேயே சில ஆண்டுகள் சிப்பி மண்டிக் கிடக்கும். பிறகு பல ஆண்டுகள் வெறும் பாறைதான் இருக்கும். 1902-இல் இலங்கைப் பக்கத்துப் பார்களை ஆராய வந்த ஹெர்ட்மன் என்ற உயிரியலாளரும் இந்தப் புதிரோடுதான் மல்லுக்கட்டினார். 1973-இல் தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சுவாமி உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். முத்துக்காகப் பாரையே நம்பியிருக்க வேண்டியதில்லை என்று ஆனது. ஆனால் பார் ஏன் நிறைகிறது, ஏன் காலியாகிறது என்ற கேள்வி மட்டும் கேள்வியாகவே நிற்கிறது.

விடையின் ஒரு பகுதி நீரோட்டத்தில் இருக்கிறது. முத்துச்சிப்பியின் குஞ்சு ஏறத்தாழ மூன்று வாரம் கடலில் மிதக்கிறது. நீரை எதிர்த்து நீந்தும் வலு அதற்குக் கிடையாது. நீவாடு என்னும் அந்த நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் போகும். மூன்று வாரம் முடியும்போது காலடியில் பார் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். மணலோ சேறோ இருந்தால் பிழைக்காது. எந்தப் பாரில் பிறந்த குஞ்சு எந்தப் பாரில் போய் ஒட்டும் என்று கடலில் இறங்கிப் பின்தொடர முடியாது. கணினியில் முடியும்.

எந்தக் கணினியில்? ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, பெரிய நிறுவனம் ஒன்று கழித்துக் கட்டிய, பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைத்த சர்வர். மற்றொன்று, மாணவர் ஒருவரின் மடிக்கணினி. சர்வர் அலமாரியை அடைத்துக்கொண்டு உறுமுகிறது. மடிக்கணினி பையில் அடங்குகிறது. பார்த்த மாத்திரத்தில் சர்வர்தான் பெரியது, ஆகவே வேகமானது என்று தோன்றும். இந்த அத்தியாயம் அந்தத் தோற்றத்தைக் கணக்குப் போட்டுச் சோதிக்கிறது.

பெட்டிக்குள் இருப்பவை

சர்வருக்குள் இன்டெலின் ஜியான் ஈ5-2670 இருக்கட்டும். 2012 மார்ச்சில் வந்த சில்லு. அன்றைக்கு ஒன்றின் விலை 1,500 டாலருக்கு மேல். மடிக்கணினிக்குள் ஏஎம்டியின் ரைசன் 7 5800யு இருக்கட்டும். 2021 ஜனவரியில் அறிமுகமானது. இந்த இரண்டையும் எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. இரண்டிலும் 8 கோர், 16 த்ரெட். கோர் எண்ணிக்கையைக் காட்டி எதுவும் எதையும் மிரட்ட முடியாது.

மற்ற எண்களைப் பாருங்கள். ஜியானின் அடிப்படைத் துடிப்பு 2.6 கிகாஹெர்ட்ஸ், ரைசனுக்கு 1.9 மட்டுமே. ஆனால் கொஞ்ச நேரத்துக்கு எகிற வேண்டுமென்றால் ஜியான் 3.3 வரை போகும், ரைசன் 4.4 வரை. ஜியான் சில்லில் சுமார் 227 கோடி டிரான்சிஸ்டர்கள். ரைசனில் சுமார் 1,070 கோடி, அதிலும் ஒரு பங்கு திரைக்கான கிராபிக்ஸ் பகுதிக்குப் போகிறது. ஜியானின் வெப்ப அளவு 115 வாட், ரைசனின் வெப்ப அளவு 15 வாட்.

துடிப்பு எண்ணை மட்டும் பார்த்து ஜியானுக்கு மதிப்பெண் போட்டால் தவறிவிடுவோம். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். 64 பிட் தசம எண்களைக் கூட்டிப் பெருக்குவதில், ஜியானின் ஒரு கோர் ஒரு துடிப்பில் 4 கூட்டலும் 4 பெருக்கலும் செய்யும், மொத்தம் 8. ரைசனின் கோர் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையில் இணைத்துச் செய்வதால் 16 செய்யும். ஆக ஜியான்: 8 கோர் × 8 × 2.6 = நொடிக்கு 16,640 கோடி கணக்கு. ரைசன், அடிப்படைத் துடிப்பிலேயே: 8 × 16 × 1.9 = 24,320 கோடி. குறைந்த துடிப்பில், ஏழில் ஒரு பங்குக்கும் கீழான வெப்ப அளவில், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இவை ஏட்டுக் கணக்கின் உச்சங்கள். எந்த நிரலும் இந்த உச்சத்தைத் தொடாது. ஆனாலும் ஒன்பது ஆண்டில் என்ன நடந்தது என்பது தெரிகிறது.

எப்படி நடந்தது? டிரான்சிஸ்டர் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் செலவாகும் ஆற்றல், அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அழுத்தத்தைப் பாதியாக்கினால் செலவு கால்பங்காகும். துடிப்பை ஏற்ற ஏற்ற அழுத்தத்தையும் ஏற்ற வேண்டியிருப்பதால், வேகத்தின் கடைசிப் படிகள்தான் மின்சாரத்தை அள்ளிக் குடிக்கின்றன. மடிக்கணினிச் சில்லு சின்ன டிரான்சிஸ்டர்களோடு, குறைந்த அழுத்தத்தில், நிதானமான துடிப்பில் ஓடக் கற்றுக்கொண்டது. இரண்டாவது காரணம், அடுத்து எந்தக் கட்டளை வரும் என்று ஊகித்து முன்கூட்டியே வேலையைத் தொடங்கிவைக்கும் திறமை. அதுவும் எகிறும் துடிப்பும் கூடியதால் ஒற்றைக் கோர் வேலையில் ரைசன் ஜியானைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகம்.

குஞ்சின் பாதை

இப்போது வேலையைக் கொடுப்போம். நீரோட்டத்தின் வேகமும் திசையும் ஏற்கெனவே மணிவாரியாகக் கையில் இருக்கின்றன என்று கொள்வோம். மன்னார் வளைகுடாவில் 200 கிலோமீட்டருக்கு 200 கிலோமீட்டர் சதுரத்தை, ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் 40,000 கட்டம். ஒவ்வொன்றிலும் மேற்பரப்பு நீரோட்டத்துக்குக் கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்கு என இரண்டு எண்கள். ஓர் எண்ணுக்கு 8 பைட். மொத்தம் 6,40,000 பைட். அடுத்த மணியின் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாலும் 13 லட்சம் பைட்டைத் தாண்டாது.

தோளாயிரம் பாரிலிருந்து ஒரு லட்சம் கற்பனைக் குஞ்சுகளை விடுவோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் நகர்த்தினால் ஒரு நாளைக்கு 288 நகர்வு. இருபது நாளில் 5,760. ஒரு லட்சம் குஞ்சுக்கு 57 கோடியே 60 லட்சம் நகர்வுகள். கேட்க மலைப்பாக இருந்தாலும் பிராசஸருக்கு இது சில நிமிட வேலை. காரணம், தேவையான வரைபடம் முழுவதும் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகத்தில் அடங்கிவிடுகிறது. ஜியானில் அது 20 மெகாபைட், ரைசனில் 16. வெளியே போய் எதையும் எடுத்துவர வேண்டியதில்லை. ஒரு குஞ்சுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமும் இல்லை. எட்டுக் கோர்களும் தங்கள் பங்கைத் தனித்தனியே பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வேலையில் மடிக்கணினி தெளிவாக வெல்கிறது. சர்வரில் இரண்டு ஜியான்கள் இருந்தால், இரண்டும் சேர்ந்து அந்த ஒரு ரைசனை எட்டிப்பிடிக்கும். ஒரு காலத்தில் ஆராய்ச்சி நிலையங்களுக்கு மட்டும் கைக்கெட்டிய வேலை, இன்று பேருந்தில் போகும் மாணவியின் மடியில் முடிகிறது.

கடலையே கணக்கிடுதல்

ஆனால் அந்த நீரோட்ட வரைபடம் எங்கிருந்து வந்தது? அதையும் ஒருவர் கணக்கிட்டாக வேண்டும். காற்று, வெப்பம், உப்பு, அலையேற்றம், கடலடியின் மேடுபள்ளம் எல்லாவற்றையும் சேர்த்து நீரின் இயக்கத்தைத் தீர்க்கும் கடல் மாதிரி வேண்டும். அதே 40,000 கட்டத்தை ஆழத்திலும் 40 அடுக்காக வெட்டினால் 16 லட்சம் பெட்டிகள். பெட்டிக்கு 100 எண்கள் என்று வைத்தால் 16 கோடி எண்கள். 128 கோடி பைட். இது எந்தக் கேஷிலும் அடங்காது. ஒவ்வொரு சுற்றிலும் வெளியே உள்ள நினைவகத்திலிருந்து இழுத்துவர வேண்டும்.

இங்கேதான் ஆட்டம் மாறுகிறது. ஜியானுக்கு நினைவகத்தோடு நான்கு தடங்கள்; டிடிஆர்3 வகையில் ஒரு தடத்தில் நொடிக்கு 12.8 கிகாபைட் வரும். நான்குக்கும் 51.2. ரைசனுக்கு இரண்டு தடங்கள். வேகம் கூடிய டிடிஆர்4 வகையில் ஒரு தடத்தில் 25.6 கிகாபைட். இரண்டுக்கும் அதே 51.2. புள்ளி பிசகாமல் சமம். ஒன்பது ஆண்டில் கணக்குப் போடும் திறன் வளர்ந்தது. இந்த மடிக்கணினியில் எண்ணைக் கொண்டுவரும் பாதை பழைய ஜியானின் அகலத்திலேயே இருக்கிறது.

நொடிக்கு 51.2 கிகாபைட் என்றால் 640 கோடி எண்கள். ஜியான் முழுவேகத்தில் உழைக்க வேண்டுமானால் உள்ளே வரும் ஒவ்வோர் எண்ணையும் 26 முறை கணக்கில் பயன்படுத்த வேண்டும். ரைசன் 38 முறை பயன்படுத்த வேண்டும். கடல் மாதிரியோ ஒரு பெட்டியின் எண்ணைப் பக்கத்துப் பெட்டிகளோடு ஒப்பிட்டு, ஓரிரு கூட்டல் பெருக்கல் செய்துவிட்டு அடுத்ததற்கு நகரும். ஆகவே இரண்டு பிராசஸர்களும் பெரும்பாலான நேரம் அடுத்த எண் வருவதற்காகச் சும்மா காத்திருக்கின்றன. காத்திருப்பதில் புதியதற்கும் பழையதற்கும் வேறுபாடில்லை.

16 கோடி எண்களை ஒருமுறை இழுத்துவர 25 மில்லிநொடி. கடலின் ஒரு நிமிடத்தை நகர்த்தப் பத்துச் சுற்று தேவை என்று கொண்டால், கடலின் ஒரு நாளுக்கு 1,440 நிமிடம், 14,400 சுற்று. ஆக மொத்தம் 360 நொடி, அதாவது ஆறு நிமிடம். இந்த ஆறு நிமிடம் இரண்டு சில்லுகளுக்கும் பொதுவான அடிமட்டம். அதற்குக் கீழே எதுவும் இறங்க முடியாது. இப்போது இரண்டு ஜியான் உள்ள சர்வரை வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக நான்கு தடங்கள். மொத்தம் 102.4 கிகாபைட். வேலை மூன்றே நிமிடத்தில் முடியலாம். குஞ்சின் பாதையில் திணறி எட்டிப்பிடித்த அதே பழைய பெட்டி, கடல் மாதிரியில் மடிக்கணினியை இரு மடங்கு முந்துகிறது.

மூச்சும் சூடும்

ரைசனின் 4.4 கிகாஹெர்ட்ஸை நம்பிக் கடல் மாதிரியைப் பத்து மணி நேரம் ஓடவிட்டால் இன்னொரு பாடம் கிடைக்கும். திரேஸ்புரத்துச் சங்குகுளியாளர் மூச்சுப் பிடித்து மூழ்கினால் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம் பம்பரமாக வேலை செய்வார். அதற்குள் மேலே வந்தாக வேண்டும். வல்லம் என்ற படகில் கம்ப்ரசர் வைத்துக் குழாய் வழியே காற்று வாங்குபவர் நிதானமாக, ஆனால் நெடுநேரம் கீழேயே இருப்பார். மடிக்கணினி முதல் வகை. சர்வர் இரண்டாம் வகை. காற்றுக்குப் பதில் இங்கே சூடு. ஒரு சின்ன விசிறியும் மெல்லிய செப்புக் குழாயும் வெளியேற்றக்கூடிய சூட்டுக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தொடும்வரை ரைசன் எகிறும். தொட்டதும் தன் துடிப்பைத் தானே குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் குளிரூட்டி இல்லாத அறையில் அந்த எல்லை இன்னும் சீக்கிரம் வரும். சர்வரோ நாள் முழுவதும், வாரம் முழுவதும் ஒரே வேகத்தில் ஓடுவதற்கென்றே கட்டப்பட்டது. அதன் விசிறிகள் போடும் இரைச்சல் அதற்குத்தான்.

பதினோராவது இடம்

தூத்துக்குடியின் வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்குள் நுழையும் எந்தக் கன்டெய்னரையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டத்துக்குள் இன்னோர் இலக்கம் இருக்கும். அந்தப் பதினோராவது இலக்கம் யாரும் இஷ்டத்துக்கு வைப்பதல்ல. முதல் பத்தையும் ஒரு வாய்பாட்டில் போட்டு, பதினொன்றால் வகுத்து வரும் மீதியிலிருந்து கிடைப்பது. வாயிலில் ஓர் இலக்கத்தை யாராவது தவறாகத் தட்டினால் பெரும்பாலும் கணக்கு ஒத்துவராது, கணினி மறுத்துவிடும். ஒரு பெட்டி மாறினால் கப்பலே மாறிவிடும் தொழிலில் இந்தச் சோதனை இலக்கம் உலகம் முழுவதும் கட்டாயம்.

சர்வரின் நினைவகமும் இதே வேலையை நொடிக்குக் கோடிக்கணக்கான முறை செய்கிறது. 64 பிட் தகவலோடு 8 சோதனை பிட்களைச் சேர்த்து 72 பிட்டாக வைக்கிறது. விண்ணிலிருந்து வரும் துகள் தாக்கியோ, நினைவகச் சில்லின் கோளாறாலோ ஒரு பிட் புரண்டுவிட்டால், எது புரண்டது என்று கண்டுபிடித்துத் தானே திருத்திவிடும். இரண்டு புரண்டால் தவறு என்றாவது அறிவிக்கும். கன்டெய்னர் எண்ணால் தவறைக் காட்டத்தான் முடியும்; இந்த ஏற்பாடு திருத்தவும் செய்கிறது. சாதாரண மடிக்கணினிகளின் நினைவகத்தில் இந்த வசதி கிடையாது. அங்கே ஒரு பிட் புரண்டால் எவருக்கும் தெரியாது. மூன்று நாள் ஓடிய கடல் மாதிரியின் விடையில் அது எங்கோ கலந்திருக்கும்.

நினைவகத்தின் அளவிலும் சர்வருக்கே வெற்றி. இந்த ஜியான் ஒன்றுக்கு 384 கிகாபைட் வரை பொருத்தலாம். இந்த ரைசனுக்கு 64 போதும் என்று நிறுத்தியிருக்கிறார்கள். 200 கிகாபைட் தரவை ஒரே நேரத்தில் விரித்து வைக்க வேண்டிய வேலைக்கு மடிக்கணினியின் வேகம் ஒன்றுக்கும் உதவாது.

கரண்டும் உப்புக் காற்றும்

சர்வருக்கு இத்தனை சாதகம் இருந்தும் அதை வாங்கச் சொல்லத் தயக்கம் ஏன்? கரண்ட் பில்தான் காரணம். இரண்டு ஜியான், நினைவகம், விசிறிகள் சேர்த்து 300 வாட் என்று கொள்வோம். இரவு பகலாக ஓடினால் இரண்டு மாத ரீடிங்கில் 432 யூனிட். மடிக்கணினி முழுவதற்கும் 40 வாட் என்றால் 58 யூனிட்கூட ஆகாது. கடலின் ஒரு நாளைக் கணக்கிடச் சர்வர் மூன்று நிமிடத்தில் 15 வாட்-மணி செலவழிக்கிறது. மடிக்கணினி ஆறு நிமிடம் எடுத்தாலும் 4 வாட்-மணிதான். சர்வர் கக்கும் சூட்டை வெளியேற்ற அறைக்குக் குளிரூட்டி வைத்தால் அந்தச் செலவு தனி.

தூத்துக்குடிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஊரைச் சுற்றி உப்பளம், எதிரே கடல். காற்றில் மிதக்கும் நுண்ணிய உப்புத் துகள், ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சி உப்புக் கரைசலாகிவிடும். கடலோரத்தில் அந்த ஈரப்பதம் அரிதல்ல. மின்சுற்றுப் பலகையில் படிந்த கரைசல் செப்புத் தடங்களை அரிக்கும்; பக்கத்துப் பக்கத்துத் தடங்களுக்கு இடையே மின்சாரத்தைக் கசியவிடும். சர்வரின் விசிறிகள் எவ்வளவு காற்றை இழுக்கின்றனவோ அவ்வளவு உப்பும் உள்ளே வரும். மூடிய, வடிகட்டிய அறை இல்லாமல் இந்தக் கரையில் பழைய சர்வருக்கு ஆயுள் குறைவு.

மென்பொருளும் அதைக் கைவிடத் தொடங்கிவிட்டது. ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி இந்த ஜியானில் இல்லை. 2025-இல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10 அந்தத் தொகுதி இல்லாத பிராசஸரில் ஓடாது. பழைய பதிப்பை வைத்து ஓட்டலாம்; பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்வரைதான்.

ஆதித்யா

இதே ஜியான் ஈ5-2670 நம் நாட்டில் பெரிய வேலை பார்த்திருக்கிறது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2013-இல் நிறுவிய ஆதித்யா என்ற மீக்கணினி முழுக்க இந்தச் சில்லால் ஆனது. 38,000-க்கும் மேற்பட்ட கோர்கள். சில்லு எண்ணிக்கையில் ஏறத்தாழ 4,750. உச்சத் திறன் 790 டெராபிளாப்; ஒரு டெராபிளாப் என்பது நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு. பருவமழையை முன்கூட்டிச் சொல்லும் ஆராய்ச்சி அதில் நடந்தது.

நம் ஏட்டுக் கணக்கின்படி 3,250 மடிக்கணினிகளைச் சேர்த்தால் ஆதித்யாவின் எண் வந்துவிடும். பருவமழைக் கணக்கு வருமா? வராது. வானத்தையும் கடலையும் துண்டு துண்டாகப் பிரித்து ஆயிரக்கணக்கான சில்லுகளுக்குக் கொடுத்தால், ஒவ்வொரு சில்லும் தன் எல்லையில் உள்ள எண்களைப் பக்கத்துச் சில்லுக்கு ஒவ்வொரு சுற்றிலும் சொல்லியாக வேண்டும். ஆதித்யாவின் சில்லுகளை இணைத்த இன்ஃபினிபேண்ட் வலை அந்தச் செய்தியை ஓரிரு மைக்ரோ நொடியில் சேர்க்கும். வைஃபையில் அதே செய்திக்கு ஆயிரம் மடங்கு நேரம் ஆகும். 3,250 மடிக்கணினிகளும் ஒன்றின் பதிலுக்காக மற்றொன்று காத்துக் கிடக்கும்.

அதே நிறுவனத்தில் 2018-இல் பிரத்யூஷும் 2024-இல் அர்காவும் வந்தன. அர்காவின் திறன் 11.77 பெட்டாபிளாப், அதாவது 11,770 டெராபிளாப்; ஆதித்யாவைப் போல் ஏறத்தாழ 15 மடங்கு. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதைக் கண்ட மாவட்டம் தூத்துக்குடி. இத்தனை சிறிய பரப்பில் இத்தனை பெரிய மழையைக் கணக்கில் பிடிக்க வேண்டுமானால் கட்டங்களைச் சிறிதாக்க வேண்டும். கட்டத்தின் பக்க நீளத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். நேரத்தையும் பாதிப் பாதியாக நகர்த்த வேண்டியிருக்கும். ஆக, வேலை எட்டு மடங்கு. மீக்கணினிகளின் பசி தீராததற்குக் காரணம் இதுதான்.

எதை வாங்குவது?

பிராசஸர் வாங்கப் போகும் மாணவருக்கும் ஆய்வகத்துக்கும் இந்த அத்தியாயம் சொல்வது இதுதான். உங்கள் தரவு கேஷுக்குள் அடங்குகிறதா? அப்படியானால் புதிய மடிக்கணினியே போதும். பழைய சர்வரைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். தரவு பெரியதா, நினைவகத்திலிருந்து ஓயாமல் இழுத்துவர வேண்டுமா? அப்போது கோர் எண்ணிக்கையையும் கிகாஹெர்ட்ஸையும் விட்டுவிட்டு, நினைவகத் தடங்களை எண்ணுங்கள். நாள்கணக்கில் ஓடி, ஒரு பிட்கூடப் பிசகாத விடை வேண்டுமா? திருத்தும் நினைவகம் உள்ள சர்வர் தேவை. அதுவும் எப்போதாவது ஓடும் வேலைக்கு மட்டும் பழையது லாபம். ஆண்டு முழுவதும் ஓடுமானால் மலிவாக வாங்கிய பணத்தைக் கரண்ட் பில் திரும்ப வசூலித்துவிடும்.

கடைக்குப் போகுமுன் உங்கள் நிரலையே சிறிய அளவில் இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது, எத்தனை யூனிட் செலவானது என்ற இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். விளம்பர அட்டையில் இருக்கும் எல்லா எண்களையும்விட அந்த இரண்டும் நம்பகமானவை.